எத்தனை விநாடி, எத்தனாவது ஆள்

சனிக்கிழமை மாலை விம்பிள்டன் காமன் புதர்க்காட்டிலிருந்து முழங்கால்வரை சேற்றோடு வெளியே வருகிறவரிடம், எவ்வளவு நேரத்தில் ஓடினாய் என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனாவது வந்தாய்?" என்றுதான் கேட்பார்கள். மறுநாள் காலை, கென்ட் மாவட்டத்தில் யார்க்ஸ் ஹில் என்ற மேட்டின் உச்சியில், சைக்கிள் ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து கிடப்பவரிடம் கேள்வி மாறிவிடும். அங்கே இடம் இரண்டாம்பட்சம். "எவ்வளவு?" என்பார்கள். எத்தனை நிமிடம், எத்தனை விநாடி, புள்ளிக்குப் பின்னால் என்ன எண் என்று பொருள்.

இரண்டும் இங்கிலாந்தின் இலையுதிர்காலத்துக்கே உரிய பந்தயங்கள். முதலாவது கிராஸ்-கன்ட்ரி. புல்வெளி, காட்டுப்பாதை, சேறு, ஓடைக்கரை என்று எட்டுப் பத்துக் கிலோமீட்டர் கூட்டமாக ஓடுவது. இரண்டாவது ஹில் கிளைம்ப். செங்குத்தான ஒரு மேட்டுச் சாலையில் நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்பட்டு சைக்கிளில் ஏறி முடிப்பது. அது பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எந்த வேலையில் இருப்பவரும், எந்த வயதிலும், ஒரு கிளப்பில் சேர்ந்து இவற்றில் இறங்கலாம். நானும் அப்படி இறங்கியவன். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், சனிக்கிழமை சேறு, ஞாயிற்றுக்கிழமை மேடு என்று பல அக்டோபர் மாதங்கள் போயிருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் ஒவ்வொன்றும் என்ன என்று எனக்குப் புரியத் தொடங்கியது.

கிராஸ்-கன்ட்ரியின் வேர் ஒரு பள்ளிக்கூட விளையாட்டில் இருக்கிறது. இரண்டு பையன்கள் முயலாகி முன்னால் ஓடுவார்கள். தோள்பையிலிருந்து காகிதத் துண்டுகளை இறைத்துக்கொண்டே போவார்கள். மற்றவர்கள் வேட்டைநாய்களாகி அந்தக் காகிதத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற உறைவிடப் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இது வேரூன்றிவிட்டது. 1857இல் வெளிவந்த 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்' நாவலிலும் இந்தத் துரத்தல் வருகிறது. விளையாட்டைப் பெரியவர்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் படகோட்டிகள். தேம்ஸ் ஆற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த கிளப்பினர் குளிர்காலத்தில் உடம்பு தளர்ந்துவிடாமல் இருக்க விம்பிள்டன் காமனில் ஓடத் தொடங்கினார்கள். 1868இல் தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் கிளப் பிறந்தது. பெயரிலேயே முயலும் நாயும் இருக்கின்றன. இன்றும் இங்கிலாந்தின் எத்தனையோ ஓட்டக் கிளப்புகளின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'ஹாரியர்ஸ்' என்ற சொல் முயல் வேட்டைக்குப் பழக்கிய நாயைக் குறிப்பதுதான்.

தேசியப் போட்டியை 1876இல் எப்பிங் காட்டில் முதன்முதலாக நடத்தியபோது, ஓடிய 32 பேரும் வழி தவறிப் போய்விட்டார்கள். பந்தயம் செல்லாது என்று அறிவித்தார்கள். கணக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த 32 பேர் மேல் எனக்குப் பெரும் பிரியம் உண்டு. ஒருவர் மட்டும் தவறியிருந்தால் அவர் கவனப்பிசகு. அத்தனை பேரும் தவறினார்கள் என்றால் ஒவ்வொருவரும் முன்னால் போகிறவரின் முதுகை நம்பி ஓடியிருக்கிறார்கள். இன்றைக்கும் இந்தப் பந்தயத்தை அப்படித்தான் ஓடுகிறோம். கண்ணுக்கு முன்னால் ஒரு முதுகு, அதற்கு முன்னால் இன்னொன்று. மூச்சிரைப்பில் பாதை மங்கிவிட்டாலும் அந்த முதுகு மங்குவதில்லை.

மேடேற்றத்தின் கதை வேறு. கேட்ஃபோர்ட் சைக்கிள் கிளப் தன் முதல் மேடேற்றப் பந்தயத்தை நடத்தியது 1887இல். டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியதே அதற்கு அடுத்த ஆண்டுதான். அதாவது முதல் பந்தயத்தில் ஏறியவர்களுக்குக் கெட்டி ரப்பர் சக்கரம், இன்றைய கியர் எதுவும் கிடையாது. யார் வேகமானவர் என்ற கேள்விக்கு முன்பு, வண்டியை விட்டு இறங்காமல் மேலே போய்ச் சேர முடியுமா என்ற கேள்வி இருந்திருக்கும். போர்க்கால இடைவெளிகளைத் தாண்டி இன்றும் நடந்துவருகிற அந்தப் பந்தயத்தை உலகின் மிகப் பழைய சைக்கிள் பந்தயம் என்று சொல்வார்கள்.

நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படும் முறைக்கு ஒரு காரணம் உண்டு. 1890களில் சாலையில் கூட்டமாகப் பந்தயம் விட்டால் குதிரைகள் மிரண்டன, போலீஸ் தலையிட்டது. சைக்கிள் சங்கமே சாலைப் பந்தயத்தைக் கைகழுவியது. ஃபிரெடரிக் பிட்லேக் என்பவர் மாற்று வழி ஒன்றைக் கண்டார். கூட்டம் வேண்டாம், ஒவ்வொருவரும் தனித்தனி நேரத்தில் புறப்படட்டும், கடிகாரம் தீர்ப்புச் சொல்லட்டும் என்பதே அது. 1895 அக்டோபர் 5ஆம் தேதி 50 மைல் தூரத்துக்கு அப்படியொரு போட்டி நடந்தது. அதன் வழியில் வந்த பந்தயங்களை விடியற்காலையில் நடத்தினார்கள். வண்டியோட்டிகள் கழுத்து முதல் கணுக்கால்வரை கறுப்பு உடுத்தினார்கள். சாலையின் பெயரைச் சொல்லாமல் சங்கேத எண்ணால் குறித்தார்கள். யார் கண்ணிலும் படாமல் பந்தயம் விடுவதுதான் நோக்கம். அந்த எண்கள் இன்றும் வழக்கத்தில் உள்ளன.

ஆகவே இன்று நான் மேட்டடியில் தனியாக நிற்பதற்கும், சனிக்கிழமை முந்நூறு பேரோடு முட்டி மோதிக்கொண்டு நிற்பதற்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. ஒன்று பார்வையிலிருந்து தப்பிப் பிழைத்த விளையாட்டு. மற்றது துரத்தலில் தொடங்கியது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அந்த அச்சு மாறவில்லை. ஆனால் ஒளிந்து வளர்ந்த விளையாட்டுக்குத்தான் இன்று கூச்சல் அதிகம். யார்க்ஸ் ஹில்லின் கடைசி நூறு மீட்டரில் இரு பக்கமும் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். மாட்டுமணியை ஆட்டுவார்கள், வாணலியைக் கரண்டியால் தட்டுவார்கள். நடுவே ஒரு சைக்கிள் போகுமளவுக்குத்தான் சந்து இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் நுழையும்போது கால்வலி குறைவதில்லை, ஆனால் நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் போய்விடுகிறது.

அந்த மேடு ஏறத்தாழ 650 மீட்டர் நீளம். சராசரிச் சரிவு 12 சதவீதத்துக்கு மேல். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நான்கடிக்கு ஓரடி உயரும். இரு பக்கக் கரைகளும் உயர்ந்து, மரங்கள் மேலே கூடி, பகலிலும் இருட்டாக இருக்கும் ஒரு பள்ளச் சாலை. அக்டோபரில் இலை உதிர்ந்து நனைந்து கிடக்கும். இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தால் பின்சக்கரம் ஈர இலையில் வழுக்கும், உட்கார்ந்தே மிதித்தால் முன்சக்கரம் தூக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உடம்பை எங்கே நிறுத்துவது என்பதுதான் அந்த மேட்டின் வித்தை. மிகச் சிறந்தவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறார்கள். எனக்கு மூன்று நிமிடம் 20 விநாடி ஆகும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நானும் சைக்கிளும் சேர்ந்து 78 கிலோ. 80 மீட்டர் உயரத்துக்கு அந்த எடையைத் தூக்க வேண்டும். 200 விநாடியில் அதைச் செய்யப் புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் 300 வாட்டுக்கு மேல் தேவை. செங்குத்து மேட்டில் காற்றுத் தடை அற்பம், எல்லாம் எடைதான். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ இரண்டரை விநாடி மிச்சம். அதனால்தான் செப்டம்பர் பிறந்ததும் மேடேற்றக்காரர்கள் சைக்கிளை உரிக்கத் தொடங்குகிறார்கள். தண்ணீர் பாட்டில் கூண்டு போகும். ஹேண்டில்பார் சுற்றுநாடா போகும். ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியையே அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. பல்சக்கரத்தில் துளை போடுவார்கள், பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம் மட்டும் வைத்து மற்றவற்றைக் கழற்றுவார்கள். சர்வதேசப் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்ற விதி இருக்கிறது. இங்கே அது கிடையாது, எவ்வளவு குறைத்தாலும் சரி. ஒரு முறை என் சைக்கிளில் 40 கிராம் குறைக்க ஒரு மாலை முழுதும் செலவிட்டேன். கணக்கின்படி அது பத்தில் ஒரு விநாடி. அந்த மாலையை வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டு முழுதும் ஒரு காரியத்தைச் செய்து, கடைசியில் அதில் வேண்டாதது எது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதில் ஒரு தெளிவு உண்டு.

கழற்றுவது என்ற சொல்லை எழுதும்போதே மறுபக்கம் ஞாபகம் வருகிறது. கிராஸ்-கன்ட்ரியில் எல்லாம் சேருகிறது. ஈரம் சேரும், சேறு சேரும். முதல் சுற்றில் 200 கிராமாக இருந்த ஷூ மூன்றாம் சுற்றில் எத்தனை கனம் என்று சொல்ல முடியாது. அடிப்பகுதியில் திருகும் ஸ்பைக்ஸ் முள்களை மண்ணைப் பார்த்து மாற்றுவோம். அக்டோபர் முதல் வாரத்தில் தரை இறுகியிருந்தால் குட்டையானது போதும், நவம்பரில் 12 அல்லது 15 மில்லிமீட்டர் வேண்டும். கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு, அதன்மேல் ஒட்டுநாடா சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சேறு ஷூவை உருவிக்கொள்ளும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என் கிளப்பில் ஒருவர் ஒற்றைக்கால் காலுறையோடு கடைசி இரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்தார். அவருடைய இடம் அன்று எங்கள் கணக்கில் தேவைப்பட்டது.

அந்தக் 'கணக்கில் தேவை' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிராஸ்-கன்ட்ரியில் தனி வெற்றி உண்டு, ஆனால் பந்தயத்தின் நெஞ்சு குழுக் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு கிளப்பிலும் முதலில் வரும் இத்தனை பேருடைய இடங்களைக் கூட்டுவார்கள். தேசியப் போட்டியின் ஆண்கள் பிரிவில் ஆறு பேர். வட்டார லீக்குகளில் அந்த எண் மாறுபடும். எந்தக் கிளப்பின் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அதற்கு வெற்றி. முதல் ஆள் மூன்றாவதாக வந்தாலும், கணக்கில் சேரும் கடைசி ஆள் 180ஆவதாக வந்தால் கூட்டுத்தொகை ஏறிவிடும். 180ஐ 170 ஆக்கினால், முன்னால் ஓடியவர் பதின்மூன்றாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு முன்னேறியதற்குச் சமம். நடுத்தர ஓட்டக்காரனின் பத்து இடத்துக்கும் சிறந்த ஓட்டக்காரனின் பத்து இடத்துக்கும் ஒரே விலை. வேறு எந்த விளையாட்டிலும் என்னைப் போன்றவனின் கடைசி நூறு மீட்டருக்கு இவ்வளவு மதிப்பை நான் பார்த்ததில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய ஒரு குறுகிய சந்துக்குள் வரிசையாக நடக்க வேண்டும். அதற்குள் யாரும் யாரையும் முந்தக் கூடாது. சந்தின் முடிவில் ஒருவர் எண் பொறித்த தகடு ஒன்றைக் கையில் தருவார். பல லீக்குகளில் இன்றும் இதுதான் முறை. அதைக் கொண்டுபோய் எங்கள் குழு மேலாளரிடம் கொடுக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். மழையில் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நனையாத ஒரே பொருளாகிய தன் குறிப்பேட்டில், பெயருக்கு நேரே எண்ணை எழுதுவார். எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். "போன வாரம் 203, இன்றைக்கு 188" என்று அவர் சொன்னபோது எனக்குக் கிடைத்த நிறைவை எந்தக் கடிகாரமும் தந்ததில்லை.

கடிகாரத்தால் தர முடியாது என்பதற்குக் காரணமும் உண்டு. சேற்றோட்டத்தில் நேரத்துக்கு அர்த்தமே இல்லை. அதே பாதை ஒரு வாரத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாக இழுக்கும். மழை பெய்து, முன்னால் முந்நூறு பேர் மிதித்துப் போயிருந்தால் நான் கால்வைக்கும் மண் முதல்வன் கால்வைத்த மண் அல்ல. ஆகவே போன ஆண்டின் என்னோடு இந்த ஆண்டின் என்னை ஒப்பிட வழியில்லை. இன்று, இங்கே, இவர்களுக்கு நடுவே நான் எங்கே என்பது மட்டும் தெரியும். மேட்டில் இதற்கு நேர்மாறு. மேடு அசைவதில்லை. காற்றும் ஈரமும் கொஞ்சம் மாற்றலாம், அவ்வளவுதான். அதே 650 மீட்டரில் முன்பு மூன்று நிமிடம் எட்டு விநாடி எடுத்தவன் இன்று மூன்று நிமிடம் 20 விநாடிக்கு வந்திருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு வேறு யாரும் காரணமில்லை, எடையும் ஏறவில்லை. வயது ஏறியிருக்கிறது. மேடு அதை எழுத்தில் கொடுத்துவிடுகிறது. சேற்றில் அதே ஆண்டுகளில் என் இடம் பெரிதாகக் கீழே போகவில்லை, ஏனென்றால் என்னைச் சுற்றி ஓடுகிறவர்களுக்கும் வயதாகிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து மெதுவாகிறோம்.

முதலிடக்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒப்பீடு நிறையாது. மேடேற்றத்தில் வேகமானவர்களைக் கடைசியில் புறப்பட வைப்பது மரபு. 120 பேர் என்றால் 120ஆம் எண் அன்றைய நட்சத்திரத்துக்கு. அதனால் முன்பே ஏறி முடித்த நான் மூச்சு திரும்பியதும் கோட்டைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி நின்று, அதே வளைவில் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். நான் வழுக்கிய அதே இலைமேல் அவர் வழுக்காமல் போவதைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பது ஒரு பாடம். 1988 முதல் 1991 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தேசிய மேடேற்றப் பட்டம் வென்ற கிறிஸ் போர்ட்மன், 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் தனிநபர் துரத்தல் பந்தயத்தில் தங்கம் வாங்கினார். அந்தப் பந்தயமும் நான்கு நிமிடச் சொச்சம்தான், மேட்டில் பழகிய அதே வலி. அண்மை ஆண்டுகளில் நான்கு முறை பட்டம் வென்ற ஆண்ட்ரூ ஃபெதர் தொழிலால் வழக்கறிஞர். திங்கட்கிழமை காலை அவரும் அலுவலகத்துக்குப் போகிறவர்தான் என்பது என்னைப் போன்றவர்களுக்குச் சாதாரணச் செய்தி அல்ல.

கிராஸ்-கன்ட்ரியில் முதல்வரைப் பார்க்கவே முடியாது. துப்பாக்கிச் சத்தம் கேட்ட முதல் நிமிடத்தில் தூரத்தில் ஒரு பனியனின் நிறம் தெரியும், பிறகு இல்லை. ஆனால் அவரும் நானும் ஒரே கோட்டிலிருந்து ஒரே கணத்தில் புறப்பட்டோம். லண்டனில் பார்லிமென்ட் ஹில்லில் தேசியப் போட்டி நடக்கும்போது, அகன்ற புல்மேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே அலையாக மேல்நோக்கிப் பாய்வார்கள். நாட்டின் மிகச் சிறந்த ஓட்டக்காரரும், போன மாதம் கிளப்பில் சேர்ந்தவரும் அந்த அலையில் இருப்பார்கள். மேட்டில் எனக்குச் சிறந்தவரைக் காணும் பேறு கிடைக்கிறது, சேற்றில் அவரோடு ஒரே பந்தயத்தில் இருக்கும் பேறு.

ஒரு விஷயத்தில் மட்டும் மேடேற்றம் தெளிவாக உயர்ந்து நிற்கிறது, அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். மேடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அதே அடிவாரம், அதே உச்சி. கிராஸ்-கன்ட்ரியிலோ இங்கிலாந்தின் தேசியப் போட்டி நெடுங்காலம் ஆண்களுக்கு 12 கிலோமீட்டர், பெண்களுக்கு 8 கிலோமீட்டர் என்றே நடந்துவந்தது. உலகப் போட்டி 2017இலேயே இருபாலருக்கும் 10 கிலோமீட்டர் என்று சமமாக்கிவிட்டது. மாரத்தானைப் பெண்கள் ஓடும் காலத்தில் நான்கு கிலோமீட்டரைக் குறைத்துக் கொடுப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் கிளப்பின் பெண்கள் தங்கள் பந்தயம் முடிந்து, ஆண்கள் ஓடுவதை நின்று பார்க்கும்போது அந்த நான்கு கிலோமீட்டரும் கண்ணெதிரே ஓடுகிறது.

கிராஸ்-கன்ட்ரி ஒலிம்பிக்கிலும் இருந்திருக்கிறது. 1912, 1920, 1924. கடைசியாகப் பாரிசில் ஜூலை மாத வெயிலில் நடத்தினார்கள். புறப்பட்டவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். பாவோ நூர்மி வென்றார், மற்றவர்கள் வழியெங்கும் சுருண்டு விழுந்தார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்து அது போய்விட்டது. இந்த ஓட்டம் குளிருக்கும் ஈரத்துக்கும் பிறந்தது. அக்டோபரில்தான் அது கண் திறக்கும், மார்ச்வரை நீளும். சைக்கிள்காரனுக்கு அக்டோபர் மூடுவிழா. மார்ச்சில் தொடங்கிய அவனுடைய ஆண்டு மேட்டின் உச்சியில் முடிகிறது. ஆக, இரண்டையும் செய்கிறவன் ஒரே வாரக்கடைசியில் ஒரு தொடக்கத்திலும் ஒரு முடிவிலும் நிற்கிறான். உடம்பு இதை எளிதாக ஏற்றுக்கொள்வதில்லை. மேட்டுக்கு உச்சத்தில் இருக்க வேண்டும், மெலிந்து, ஓய்ந்து, கூர்மையாக. சேற்றுக்கு இனிமேல்தான் வளர வேண்டும்.

அதைவிடச் சிக்கலானது வரிசை. ஓட்டம் தசைக்குச் செய்வதை சைக்கிள் செய்வதில்லை. சரிவில் இறங்கி ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும்போதுதான் தசைநார்களில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி உடனே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். சைக்கிளில் அந்த வகைச் சுமை ஏறக்குறைய இல்லை. எனவே முதலில் மேடேறிவிட்டு மறுநாள் ஓடினால் கால் பெரிதாக முறையிடாது. ஆனால் நாட்காட்டி தலைகீழாக இருக்கிறது. சனிக்கிழமை ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை மேடு. முதல் இரண்டு ஆண்டுகள் இதை அறியாமல், மேட்டின் நடுவில் என் தொடை ஏன் கல்லாகிறது என்று குழம்பினேன். கியரை மாற்றிப் பார்த்தேன், காலைச் சாப்பாட்டை மாற்றிப் பார்த்தேன். யார்க்ஸ் ஹில்லில் கேட்ஃபோர்ட் கிளப்பின் மேடு காலையிலும், சில மைல் தள்ளி வைட் லேன் என்ற சாலையில் பெக் கிளப்பின் மேடு பிற்பகலிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். இரண்டிலும் ஏறிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முந்தின நாள் ஓடிவிட்டு அந்த இரண்டையும் ஏறிய ஆண்டில், திங்கட்கிழமை அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். இப்போது அந்த ஒரு வாரம் மட்டும் சேற்றுக்குப் போவதில்லை. போகாத சனிக்கிழமை மாலை அந்த அம்மாவின் குறிப்பேட்டில் என் பெயருக்கு நேரே வெற்றிடம் இருக்கும் என்ற நினைப்பு உறுத்தத்தான் செய்கிறது.

வலியின் தன்மையும் ஒன்றல்ல. மேட்டில் முதல் நிமிடம் பொய் சொல்லும். கால் லேசாக இருக்கும், எல்லாம் கைக்குள் இருப்பதாகத் தோன்றும். அப்போது நம்பி வேகம் கூட்டினால் இரண்டாவது நிமிடத்தில் கடனைத் திருப்பிக் கேட்கும். தொடையில் எரிச்சல், வாயில் உலோகச் சுவை, காதில் நாடித்துடிப்பு. உச்சியில் இரண்டு பேர் காத்திருந்து விழாமல் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டிய பந்தயம் அது. அன்று இரவுவரை ஒரு வறட்டு இருமல் இருக்கும். குளிர்ந்த காற்றை அவ்வளவு வேகமாக இழுத்ததில் மூச்சுக்குழாய் எரிந்துபோன இருமல். மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அப்படி இருமுவார்கள். சேற்றில் இப்படி ஒரே இடத்தில் வந்து குவிவதில்லை. நாற்பது நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. ஒருவரைக் கடக்கலாமா, விட்டுவிடலாமா என்று நூறு முறை முடிவெடுக்க வேண்டும். மேட்டில் தேவை துணிவு, சேற்றில் தேவை பிடிவாதம் என்று சொல்வேன்.

கடைசியாக வருகிறவர்களைப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். மேட்டில் யார் கடைசி என்று அந்த நேரத்தில் எவருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தனியாகத்தான் வருகிறார்கள். மெதுவாக வருகிறவருக்கு மணியோசை இன்னும் அதிக நேரம் கிடைக்கிறது. ஒரு முறை அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, சக்கரம் சுழல்கிறதா என்று ஐயப்படும் வேகத்தில், அந்த நான்கில் ஒரு பங்குச் சரிவை இறங்காமல் ஏறினார். கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. 1887இன் கேள்விக்கு அவர் விடை சொல்லிக்கொண்டிருந்தார். சேற்றிலோ கடைசி ஆள் கடைசி ஆளாகவே தெரிவார். வேலிக் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள், கூடாரத்தில் கேக் முக்கால்வாசி தீர்ந்திருக்கும். ஆனால் அவருடைய கிளப்பிலிருந்து ஒருவராவது உலர்ந்த சட்டையோடு கோட்டருகே காத்து நிற்பார். நான் பார்த்த ஒரு பந்தயத்திலும் இது தவறியதில்லை.

ஒன்றை விட்டுவிடச் சொன்னால் எதை விடுவாய் என்று என் மனைவி கேட்டாள். பந்தயம் என்ற அளவில் மேடுதான் சுத்தமானது, பொய்யில்லாதது என்று சொன்னேன். அதையே விட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். மேட்டில் நான் வராவிட்டால் 120க்குப் பதில் 119 பேர் ஏறுவார்கள், மற்றவர்களின் நேரம் ஒரு விநாடியும் மாறாது. சேற்றில் நான் வராவிட்டால் எங்கள் கூட்டுத்தொகை மாறும். எனக்கு அது போதுமான காரணம்.

ஆனால் யாரும் விடச் சொல்லவில்லை. தேசிய மேடேற்றப் போட்டி வழக்கமாக அக்டோபரின் கடைசி ஞாயிறு. நாடு முழுதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பதும் அதே நாளில். போன ஆண்டு அன்று பார்வையாளனாகப் போய் வந்தேன். வீடு திரும்பியபோது ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. கொட்டகையில் விளக்கைப் போட்டு, சைக்கிளுக்குப் பாட்டில் கூண்டையும் மழைத்தகடுகளையும் திரும்ப மாட்டினேன். ஹேண்டில்பாருக்குப் புது நாடா சுற்றினேன். பிறகு சனிக்கிழமையின் ஷூவை எடுத்து, காய்ந்த சேற்றைக் குச்சியால் தட்டி, குட்டை முள்களைக் கழற்றி, நீண்டவற்றை ஒவ்வொன்றாகத் திருகினேன். வெளியே மழை பிடித்திருந்தது. காமனில் தரை இளகிக்கொண்டிருக்கும்.